நாற்பதைத் தாண்டி மறுபடியும் மவுண்டன் சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இளவயதில் மண்பாதை, மலைப்பாதை என்று சுற்றிவிட்டு, வேலை, குடும்பம் என்று சைக்கிளை ஓரங்கட்டிப் பல வருடம் ஆனவர்களுக்கான பக்கம் இது. ஓட்டத் தெரியும், ஆனால் கடைக்குள் நுழைந்தால் பாதிப் பெயர்கள் புரிவதில்லை, உடம்பும் முன்போல் இல்லை. அப்படி இருப்பவர்கள் கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் பழைய 26 அங்குலச் சைக்கிள் சும்மா நிற்கிறது. அதையே சரிசெய்து ஓட்டக்கூடாதா?

தாராளமாக ஓட்டலாம். டயர், டியூப், செயின், பிரேக் கட்டை, கேபிள் இவற்றை மாற்றி, இரண்டு மூன்று மாதம் ஓட்டிப் பாருங்கள். ஆசை நிஜமா, வெறும் பழைய நினைப்பா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

ஆனால் அதற்குமேல் அதில் பணம் போடாதீர்கள். பழைய ஃபிரேமில் புதிய பாகங்கள் பொருந்துவதில்லை. அப்போது பின்சக்கரத்தின் நடுப்பாகமான ஹப் 135 மி.மீ., குவிக் ரிலீஸ் கம்பி. இப்போது பெரும்பாலும் 148 மி.மீ., தடித்த த்ரூ ஆக்சில். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குகளில் இன்று நல்லவற்றின் தண்டு கீழே தடித்து மேலே மெலிந்திருக்கும். பழைய ஃபிரேமின் நேரான குழாயில் அது இறங்காது. ஒன்றை மாற்றப் போனால் இன்னொன்றை மாற்றவேண்டி வரும், அது முடிவே இல்லாமல் நீளும். பத்து வருடம் அசையாமல் நின்ற ஃபோர்க்கின் ரப்பர் சீல்களும் இறுகிப்போயிருக்கும். அதை நம்பிச் செங்குத்தான இறக்கத்தில் இறங்க வேண்டாம்.

நான் விட்டுவிட்டுப் போன பிறகு என்னதான் மாறியது?

கிட்டத்தட்ட எல்லாமே. 1990களிலோ 2000களின் தொடக்கத்திலோ நிறுத்தியவர் என்றால் ஐந்து விஷயங்கள் கண்ணில் படும்.

சக்கரம் பெரிதாகிவிட்டது. 26 அங்குலம் இப்போது சிறுவர் சைக்கிளிலும் சில தனிவகைகளிலும்தான். இரண்டாவது, முன்பக்கப் பல்சக்கரம் மூன்றிலிருந்து ஒன்றானது. கியர், பிரேக் தயாரிக்கும் எஸ்ராம் நிறுவனம் 2012இல் முன்னால் ஒற்றைப் பல்சக்கரம், பின்னால் 11 பற்சக்கரம் என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. 2016இல் அது 12 ஆனது. அதன் போட்டி நிறுவனமான ஷிமானோவும் 2018இல் 12க்கு வந்தது. இடதுகை ஷிஃப்டர் போயே போய்விட்டது. மூன்றாவது, பிரேக். ரிம்மைக் கவ்விய வி-பிரேக் போய் ஹைட்ராலிக் டிஸ்க். நான்காவது, ஓட்டும்போதே சீட்டை ஏற்றி இறக்கும் டிராப்பர் போஸ்ட்.

ஐந்தாவதுதான் முக்கியம். கடையில் யாரும் அதைப் பெரிதாகச் சொல்லமாட்டார்கள், கண்ணுக்கும் சட்டென்று தெரியாது: ஃபிரேமின் கோணம். அப்போது ஃபோர்க் தரையோடு 71 பாகைக் கோணத்தில் நிமிர்ந்து நின்றது. இப்போது பொதுவான மலைப்பாதை ஓட்டத்துக்கான டிரெயில் வகையில் 65, 66 பாகை. முன்சக்கரம் இன்னும் தள்ளி நிற்கிறது. ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம் 100 மி.மீ.க்கு மேல் இருந்தது, இப்போது 40, 50தான். ஹேண்டில்பார் 600 மி.மீ. சுற்றி இருந்தது 760, 780க்கு அகன்றுவிட்டது. இதனால் நடப்பது என்ன? செங்குத்தாக இறங்கும்போது உங்கள் எடை முன்சக்கரத்துக்கு மேலே போய்க் கவிழ்வதில்லை. தலைக்குப்புற விழுந்த அனுபவம் மனதில் பயமாகத் தங்கியிருந்தால், அதில் பாதிக்காவது அந்தக் காலத்து ஃபிரேமே காரணம்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. மெதுவாக மேடேறும்போது முன்சக்கரம் அங்குமிங்கும் அலையும். சீட்டுக் குழாயை முன்பைவிட நிமிர்த்தி வைத்து, உங்களைச் சற்று முன்னால் தள்ளி உட்காரவைத்து அதை ஈடுகட்டுகிறார்கள். நாலைந்து தடவை ஓட்டினால் பழகிவிடும்.

29 அங்குலமா, 27.5ஆ?

பெரும்பாலானவர்களுக்கு 29. கல்லையும் வேரையும் சுலபமாக ஏறிக் கடக்கும், ஓடும் வேகத்தைத் தக்கவைக்கும், நிதானமாக நிற்கும். உயரம் 160 செ.மீ.க்குக் கீழ் என்றால் 27.5ஐயும் ஓட்டிப் பாருங்கள். சிறிய அளவு ஃபிரேம்களைச் சில நிறுவனங்கள் அந்தச் சக்கரத்தோடுதான் தருகின்றன. டயர் வாங்கும்போது அங்குலத்தைவிட மி.மீ. எண் நம்பகமானது: 26க்கு 559, 27.5க்கு 584, 29க்கு 622. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும்.

முதுகுவலி உண்டு. அதனால் பின்பக்கமும் சஸ்பென்ஷன் உள்ளதைத்தான் வாங்கவேண்டுமா?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். அதிகம் பேர் தவறாக முடிவெடுப்பதும் இதில்தான்.

முதலில் வலி எப்போது வருகிறது என்று பாருங்கள். கல்லில் குதித்து இடி வாங்கும்போது சுள்ளென்று வந்தால் பின் சஸ்பென்ஷன் உதவும். சமமான பாதையிலேயே அரைமணி நேரத்தில் மெல்ல மெல்ல வந்தால், அதற்குக் காரணம் இடி இல்லை. ஹேண்டில்பார் தாழ்வாகவோ தூரமாகவோ இருக்கிறது, அல்லது இடுப்புத் தசைகள் இன்னும் பலப்படவில்லை. அந்த வலியை எந்த சஸ்பென்ஷனும் தீர்க்காது. ஸ்டெம்முக்கு அடியில் இரண்டு வளையம் போட்டு உயர்த்தினாலே பலருக்குக் குறையும்.

அடுத்தது, எங்கே ஓட்டப்போகிறீர்கள்? மண்சாலை, காட்டுப்பாதை, அவ்வப்போது கல் என்றால் முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்டெயில் போதும். 2.4 அங்குல அகல டயரில் காற்றைக் குறைத்து வைத்தால், பழைய சைக்கிளோடு ஒப்பிடும்போது அதுவே மெத்தைபோல இருக்கும். நாள் முழுக்கக் கல்லும் வேருமான பாதை என்றால் இரட்டை சஸ்பென்ஷன் நிஜமாகவே களைப்பைக் குறைக்கும். மேடேறும்போது பின்சக்கரம் தரையை விடாமல் பிடிப்பதும் கூடுதல் லாபம்.

ஒரே தொகைக்கு இரண்டையும் ஒப்பிட்டால் ஹார்டெயிலில் நல்ல ஃபோர்க், நல்ல பிரேக், நல்ல கியர் கிடைக்கும். இரட்டை சஸ்பென்ஷனில் பணத்தின் பெரும்பகுதி பின்பக்க ஷாக்குக்கும் இணைப்புகளுக்கும் போய்விடும். பராமரிப்பும் அதிகம்: இணைப்புப் பேரிங்குகள், ஷாக் சர்வீஸ் இரண்டும் கூடுதல். மலிவான இரட்டை சஸ்பென்ஷனைவிட நடுத்தர ஹார்டெயில் எப்போதும் மேல் என்பது என் உறுதியான கருத்து. மலிவு விலைக் கடைகளில் பளபளவென்று நிற்கும் இரட்டை ஸ்பிரிங் சைக்கிள்களைத் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள்.

எத்தனை மி.மீ. டிராவல் தேவை?

டிராவல் என்பது சஸ்பென்ஷன் அமுங்கும் தூரம். 120 முதல் 140 போதும். அதற்குக் கீழே 100–120 என்பது பந்தய வகையான கிராஸ் கன்ட்ரி. மேலே கரடுமுரடான இறக்கங்களுக்கான வகைகள்: 150–180 எண்டியூரோ, 200 டவுன்ஹில். எண்ணிக்கை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று நினைக்கவேண்டாம். பெரிய டிராவல் சைக்கிள் மேடேறும்போது சோம்பேறியாக இருக்கும். மிதமான பாதையில் சுவாரசியமும் குறையும்.

உயரத்தைச் சொன்னதும் கடைக்காரர் 'உங்களுக்கு லார்ஜ்' என்கிறார். நம்பலாமா?

தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம். ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளம், இன்னொருவருக்கு உடல் நீளம். ஒவ்வொரு நிறுவனத்தின் லார்ஜும் வேறு. அளவு அட்டவணையில் இரண்டு எண்களைத் தேடுங்கள்: ரீச், ஸ்டேக். பெடல் அச்சிலிருந்து ஹேண்டில்பார் குழாயின் மேல்முனை எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச். எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டேக். எழுந்து நின்று ஓட்டும்போது சைக்கிள் எவ்வளவு நீளமாகத் தெரியும் என்பதை ரீச் சொல்லும். எவ்வளவு குனியவேண்டும் என்பதை ஸ்டேக் சொல்லும்.

நடுவயதுக்காரருக்கு நான் ஸ்டேக்கைத்தான் முதலில் பார்ப்பேன். கழுத்தும் இடுப்பும் முன்போல் வளைவதில்லை. குனிந்து, தலையைத் தூக்கிப் பாதையைப் பார்க்கும் நிலையில் இரண்டு மணி நேரம் இருந்தால் மறுநாள் கழுத்து சொல்லிவிடும். இரண்டு அளவுக்கு நடுவே மாட்டிக்கொண்டால், ரீச் சிறிதாகவும் ஸ்டேக் ஒத்துவருவதாகவும் உள்ள பக்கம் சாயுங்கள்.

ஒரு முக்கியமான விஷயம்: சைக்கிளைப் பூட்டித் தரும்போது ஃபோர்க்கின் தண்டை வெட்டிக் குட்டையாக்கவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெட்டியதை ஒட்டமுடியாது. நீளமாக இருந்தால் ஸ்டெம்முக்கு அடியில் வளையங்களை வைத்து உயர்த்திக்கொள்ளலாம், பழகப் பழக ஒவ்வொன்றாக மேலே மாற்றி இறக்கிக்கொள்ளலாம். அதுவும் போதவில்லை என்றால் 35 அல்லது 50 மி.மீ. மேலெழும் ஹேண்டில்பார் கிடைக்கும். மொத்தச் செலவில் அது சின்னத் தொகை.

ஹேண்டில்பார் அகலம் 800 மி.மீ. என்று வந்தால் எல்லோருக்கும் பொருந்தாது. தோள்பட்டை வலித்தால் இருபுறமும் ஒரு செ.மீ. வெட்டிக்கொள்ளலாம். முதலில் கைப்பிடிகளை உள்ளே தள்ளி ஓட்டிப் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

மூட்டு தாங்குமா?

சரியான உயரமும் சரியான கியரும் இருந்தால் பொதுவாகத் தாங்கும். ஓட்டப் பயிற்சியைவிட சைக்கிள் மூட்டுக்கு மென்மையானது. ஒவ்வொரு அடியிலும் உடல் எடை மூட்டில் இறங்குவதில்லை. ஏற்கெனவே மூட்டில் அறுவை சிகிச்சை ஆனவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

சீட்டு உயரத்துக்கு எளிய வழி: குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலைக் கீழே கொண்டுபோனால் கால் நேராகவேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக வளைந்திருக்கும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட்டு தாழ்வாக இருக்கலாம். பின்பக்கம் வலித்தால் உயரமாக இருக்கலாம். ஒரே தடவையில் சில மி.மீ. மட்டும் மாற்றுங்கள். பெடலை அச்சோடு இணைக்கும் கையான கிராங்கின் நீளத்தையும் கேளுங்கள். முன்பு பெரும்பாலும் 175 மி.மீ.; இப்போது 165, 170 சாதாரணமாகக் கிடைக்கிறது. குட்டையான கிராங்கில் முழங்கால் குறைவாக மடங்கும், பெடல் கல்லில் இடிப்பதும் குறையும்.

அடுத்து கியர். இதற்குத் தனிக் கேள்வியே வேண்டும்.

முன்னால் ஒரே ஒரு பல்சக்கரம் இருந்தால் செங்குத்தான மேடு ஏறமுடியுமா?

முடியும். ஆனால் எந்தச் சைக்கிளிலும் முடியும் என்று நினைத்து வாங்கினால் அவதிதான். ஒரு சின்னக் கணக்கு போட்டுவிடலாம்.

பழைய சைக்கிளில் மிக லேசான கியர் என்பது முன்னால் 22 பல், பின்னால் 34 பல். 26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.07 மீட்டர் உருளும். 22ஐ 34ஆல் வகுத்து அதால் பெருக்கினால், பெடல் ஒரு முழுச்சுற்று சுற்றும்போது சைக்கிள் சுமார் 1.34 மீட்டர் நகரும். இந்த எண் எவ்வளவு சிறிதோ, மேடு அவ்வளவு லேசு.

இன்றைய 29 அங்குலச் சக்கரம் அகல டயரோடு சுமார் 2.33 மீட்டர் உருளும். முன்னால் 32, பின்னால் 51 என்றால் 1.46 மீட்டர். பழையதைவிடக் கொஞ்சம் கனம். முன்னால் 30 பல் போட்டால் 1.37, ஏறக்குறைய பழைய லேசு திரும்பி வந்துவிடும். 28 போட்டால் 1.28, பழையதையும்விட லேசு. ஆனால் விலை குறைந்த மாடல்களில் பின்னால் 42 பல்லோடு நின்றுவிடும். முன்னால் 32, பின்னால் 42 என்றால் 1.78 மீட்டர்! இருபது வயதில் ஏறியதைவிட மூன்றில் ஒரு பங்கு கனமான கியரில், நாற்பத்தைந்து வயதில் ஏறச் சொல்கிறார்கள். மூட்டுவலியும் மூச்சிரைப்பும் 'வயசாகிவிட்டது' என்ற விரக்தியும் இங்கேதான் தொடங்குகின்றன.

ஆகவே கடையில் 'எத்தனை ஸ்பீடு' என்று கேட்காதீர்கள். முன்னால் எத்தனை பல், பின்னால் பெரியதில் எத்தனை பல் என்று கேளுங்கள். பின்னால் 50 அல்லது 51, முன்னால் 30 என்பது நல்ல இலக்கு. முன்பக்கப் பல்சக்கரத்தை மட்டும் சிறியதாக மாற்றுவது மலிவான வேலை. பல கிராங்குகளில் செய்யலாம். வாங்கும்போதே மாற்றித்தரச் சொல்லுங்கள். சமதரையில் உச்சவேகம் கொஞ்சம் குறையும். குறையட்டும்.

கையில் இருக்கும் பணத்தை எதில் போடுவது?

உங்களுக்குப் பொருந்தும் ஃபிரேம், லேசான கியர், நம்பகமான ஹைட்ராலிக் பிரேக், காற்றால் இயங்கும் ஃபோர்க், டிராப்பர். இதே வரிசையில். இந்த ஐந்தும் வந்தபிறகு மிச்சமிருந்தால் நல்ல டயர். கார்பன், எலக்ட்ரானிக் ஷிஃப்டர், எடை குறைந்த சக்கரம் எல்லாம் அதற்குப் பிறகு.

காற்று ஃபோர்க் ஏன் என்றால், மலிவான ஃபோர்க்குகளில் உலோக ஸ்பிரிங் இருக்கும். அது ஏதோ ஒரு நடுத்தர எடைக்காக வைத்தது. உங்கள் எடை 60 ஆனாலும் 100 ஆனாலும் அதே ஸ்பிரிங்தான். மேலே இருக்கும் திருகைச் சுற்றினால் ஆரம்ப இறுக்கம் மாறுமே தவிர ஸ்பிரிங்கின் பலம் மாறாது. காற்று ஃபோர்க்கில் சிறிய பம்பால் உங்கள் எடைக்கு ஏற்ப அழுத்தம் வைத்துக்கொள்ளலாம். இடைப்பட்ட வருடங்களில் கொஞ்சம் பூசினாற்போல் ஆனவர்களுக்கு இது முக்கியம். அப்படியே ஓட்டுபவர், உடுப்பு, பை எல்லாம் சேர்த்து எவ்வளவு எடைவரை தாங்கும் என்று சைக்கிளின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்பன் ஃபிரேம்?

வேண்டாம், பந்தயம் ஓட்டப்போவதில்லை என்றால். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் எடை அதிகபட்சம் ஒரு கிலோ அளவில் குறையும். அந்த ஒரு கிலோ நம் இடுப்பிலேயே இருக்கிறது.

டிராப்பர் போஸ்ட் ஆடம்பரம்தானே?

இல்லை. ஒரு காலத்தில் இறக்கம் வந்தால் நிறுத்தி, இறங்கி, சீட்டைத் தாழ்த்தி, கீழே போய் மறுபடி ஏற்றுவோம்; அல்லது சோம்பல்பட்டு, உயர்ந்த சீட்டோடு வயிறு இடிக்க இறங்குவோம். இப்போது கட்டைவிரலால் ஒரு லீவரை அழுத்தினால் சீட்டு 150 மி.மீ. கீழே போகிறது. உடல் தாழ்ந்து நடுவில் நிற்க இடம் கிடைக்கிறது.

விளம்பரத்தில் சொல்லாத ஒரு பயனும் உண்டு. இடுப்பு மூட்டு இறுகியவர்களுக்குக் காலைத் தூக்கிச் சீட்டைத் தாண்டிப் போடுவதே சிரமம். சீட்டைத் தாழ்த்திவிட்டு ஏறுங்கள், உட்கார்ந்தபின் உயர்த்துங்கள். மேட்டில் தடுமாறி நிற்கும்போதும் அதேபோல் தாழ்த்தினால் கால் தரையைத் தொடும். இந்த வயதில் விழும் விழுகைகளில் பல, வேகத்தில் விழுவதல்ல. நின்றநிலையில் கால் எட்டாமல் பக்கவாட்டில் சாய்வதுதான்.

டிஸ்க் பிரேக் எனக்குப் புதிது. என்ன தெரிந்திருக்கவேண்டும்?

ஒரு விரல் போதும். வி-பிரேக் பழக்கத்தில் நான்கு விரலால் இறுக்கினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். எந்த லீவர் முன்சக்கரத்துக்கு என்று முதலில் பாருங்கள். நாட்டுக்கு நாடு இடதும் வலதும் மாறும். முன்பக்கத் தட்டு 180 மி.மீ. நல்லது, எடை அதிகம் என்றால் 200 சுற்றி. புது பிரேக் பட்டைகள் முதலில் சரியாகப் பிடிக்காது. மிதமான வேகத்தில் ஓட்டி, சக்கரம் பூட்டாமல் மெதுவாக நிறுத்துவதை இருபது தடவைபோல் செய்தால் பிடிப்பு வரும்.

பிரேக் எண்ணெயில் இரண்டு வகை. ஷிமானோவில் மினரல் ஆயில். எஸ்ராமின் பல மாடல்களில் டாட் திரவம். டாட் ஈரத்தை உறிஞ்சும், ஆகவே காலாகாலத்தில் மாற்றவேண்டும். ஒன்றின் இடத்தில் மற்றதை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் கெட்டுப்போகும். உங்களுடையது எது என்று லீவர் மூடியில் எழுதியிருக்கும்.

சீட்டு வலி போகவே மாட்டேன் என்கிறதே?

முதல் இரண்டு வாரம் எல்லோருக்கும் வலிக்கும். அதற்குப் பிறகும் வலித்தால் சீட்டின் அகலம் பொருந்தாமல் இருக்கலாம். மெத்தென்ற பெரிய சீட்டு தீர்வல்ல. அது அமுங்கி நடுப்பகுதியை அழுத்தும். உட்காரும் இரண்டு எலும்புகளுக்கு இடைப்பட்ட தூரத்தை அளந்து சீட்டு தருகிற கடைகள் உண்டு. மரத்துப்போகும் உணர்ச்சி வந்தால் பொறுத்துக்கொள்ளாதீர்கள்: சீட்டு மூக்கைச் சற்றே கீழே சாய்த்துப் பாருங்கள், அல்லது நடுவில் பள்ளமுள்ள சீட்டுக்கு மாறுங்கள். பேடு வைத்த கால்சட்டையை உள்ளாடை இல்லாமல் அணியவேண்டும். இதைக் கடையில் கூச்சப்பட்டுச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

மின்மோட்டார் வைத்த மவுண்டன் சைக்கிள் வாங்கினால் ஏமாற்று வேலையா?

யாரை ஏமாற்றுகிறீர்கள்? மிதித்தால்தான் மோட்டார் உதவும், இதயமும் துடிக்கும். வாரத்தில் இரண்டு மணி நேரம்தான் கிடைக்கிறது, கூட வருபவர்கள் உங்களைவிட வலுவானவர்கள், அல்லது மூட்டோ இதயமோ ஓரளவுக்கு மேல் ஒத்துழைக்காது என்றால் நல்ல தேர்வு.

குறைகளையும் தெரிந்து வாங்குங்கள். எடை 22 முதல் 25 கிலோ. இலகு வகை 17, 18. கார் மேலே தூக்கி வைக்கவோ, மாடிப்படி ஏற்றவோ, பாதையில் விழுந்த மரத்தைத் தாண்டித் தூக்கிப் போடவோ உங்களால் முடியுமா என்று கடையிலேயே தூக்கிப் பாருங்கள். இறக்கத்தில் அந்த எடையை நிறுத்தப் பெரிய தட்டும் வலுவான பிரேக்கும் வேண்டும். மோட்டார் பெடல் அச்சில் இருக்கவேண்டும். சக்கர ஹப்பில் இருக்கும் மோட்டார் கியரைப் பயன்படுத்திக்கொள்ளாது, நீண்ட செங்குத்து மேட்டில் திணறும். சட்டமும் ஊருக்கு ஊர் வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 வாட், மணிக்கு 25 கி.மீ.க்கு மேல் உதவி நின்றுவிடவேண்டும். அமெரிக்காவின் முதல் வகுப்பில் மணிக்கு 20 மைல். சில காட்டுப்பாதைகளில் மோட்டார் சைக்கிளாகவே கருதித் தடுப்பார்கள். நீங்கள் ஓட்டப்போகும் பாதையின் விதியை வாங்குமுன் கேளுங்கள்.

பயன்படுத்தியதை வாங்கலாமா?

ஹார்டெயில் என்றால் தைரியமாக. ஃபோர்க்கின் பளபளக்கும் கால்களில் நகத்தை ஓட்டிப் பாருங்கள்; கீறல் தட்டினால் எண்ணெய் கசியும். ஃபிரேமில் ஹேண்டில்பார் குழாய் சேருமிடம், பெடல் அச்சைச் சுற்றிய இடம் இரண்டிலும் விரிசல் பாருங்கள். செயின் தேய்மானக் கருவியால் அளக்கவும்: 12 ஸ்பீடில் 0.5 சதவீதம் தாண்டினால் செயின் மாற்றவேண்டும், வெகுவாகத் தாண்டியிருந்தால் பின்பக்கப் பற்சக்கரமும் போயிருக்கும். அது விலை உயர்ந்த பாகம், பேரத்தில் கழித்துக்கொள்ளுங்கள். இரட்டை சஸ்பென்ஷனில் பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். இணைப்புகளில் லொடலொட என்றால் பேரிங் செலவு காத்திருக்கிறது.

பின்னால் செயினை நகர்த்திக் கியர் மாற்றும் டெரெய்லரைத் தாங்கும் சின்ன ஹேங்கர் வளைந்தோ உடைந்தோ போவது சகஜம். முன்பு ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு வடிவம். 2019இல் எஸ்ராம் கொண்டுவந்த யு.டி.எச். என்ற பொது வடிவம் இப்போது பரவலாகிவிட்டது. அது இருக்கும் ஃபிரேம் என்றால் உதிரிபாகத்துக்கு அலையவேண்டாம்.

டியூப்லெஸ் தேவையா? காற்று எவ்வளவு?

கல், முள் உள்ள பாதை என்றால் தேவை. 75 கிலோ எடையுள்ளவர் 2.4 அங்குல டியூப்லெஸ் டயரில் முன்னால் 22, பின்னால் 25 பி.எஸ்.ஐ. வைத்துத் தொடங்கலாம். பழைய பழக்கத்தில் 40 வைத்தால் சைக்கிள் துள்ளும், பிடிப்பும் இருக்காது. டியூப் போட்டிருந்தால் சில பி.எஸ்.ஐ. கூட்டுங்கள், இல்லையென்றால் கல்லில் இடித்து டியூப் கிள்ளுப்படும். ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றும் சீலன்ட் திரவம் சில மாதங்களில் காய்ந்துபோகும், அவ்வப்போது ஊற்றவேண்டும்.

கிளிப் பெடலா, தட்டைப் பெடலா?

முன்பு காலணியைப் பூட்டிக்கொள்ளும் கிளிப்பில் ஓட்டியவராக இருந்தாலும் முதல் சில மாதம் தட்டை. ஊசிகள் துருத்திய அகலப் பெடலும், அதற்கேற்ற மிருதுவான அடிப்பாகமுள்ள காலணியும் சேர்ந்தால் கால் நழுவாது. ஊசி கணைக்காலின் முன்பக்கத்தைப் பதம் பார்க்கும். அதையும் சேர்த்து மூடும் முழங்கால் கவசம் வாங்கிவிடுங்கள்.

பழைய ஹெல்மெட்?

தூக்கிப் போடுங்கள். பின்மண்டையும் கன்னப்பொறியின் மேல்பகுதியும் மூடும் வகையில் இப்போதைய மவுண்டன் ஹெல்மெட்டுகள் இறங்கியிருக்கின்றன. ஒருமுறை பலமாக அடிபட்டது என்றால், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் மாற்றவேண்டும்.

மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறேன். சிக்கலா?

சாதாரணத் தூரப்பார்வைக் கண்ணாடி என்றால் இல்லை. தூரமும் கிட்டமும் ஒன்றாக உள்ள புரோகிரசிவ் லென்ஸ் என்றால் கவனம்: கீழ்ப்பகுதி படிப்பதற்கானது, அதன் வழியாக முன்சக்கரத்தடியில் இருக்கும் கல்லைப் பார்த்தால் மங்கலாகவும் தூரம் தப்பியும் தெரியும். சைக்கிளுக்கென்று தூரப்பார்வை மட்டும் வைத்து ஒரு கண்ணாடி செய்துகொள்ளுங்கள்.

தொடங்குமுன் மருத்துவரைப் பார்க்கவேண்டுமா?

ரத்த அழுத்தம், சர்க்கரை, குடும்பத்தில் இளவயது மாரடைப்பு, புகைப்பழக்கம் இவற்றில் ஏதாவது இருந்தாலும், பல வருடம் உடலசைவே இல்லாமல் இருந்தாலும் பார்த்துவிடுங்கள். மலைப்பாதை ஏற்றம் நடைப்பயிற்சியைப் போன்றதல்ல, இதயத் துடிப்பைச் சட்டென்று உச்சிக்குக் கொண்டுபோகும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும். தலையில் சின்ன அடிகூட அவர்களுக்கு ஆபத்தாகலாம்.

முதல் வாரங்களில் எவ்வளவு வேகம் என்பதற்குக் கருவி தேவையில்லை. முழு வாக்கியமாகப் பேசமுடிகிற அளவு மூச்சு இருந்தால் சரி. நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடதுகைக்கோ பரவும் வலி, தலைசுற்றல் வந்தால் நிறுத்துங்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கால் தசைக்கும் மூச்சுக்கும் சில வாரத்தில் தெம்பு வந்துவிடும். தசைநாண்களுக்கு அதைவிட நாளாகும். உற்சாகம் பொங்கும் இரண்டாவது மாதத்தில்தான் பலர் முழங்காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

வாங்குமுன் ஓட்டிப் பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

கடை வாசலில் ஒரு வட்டம் அடித்தால் எதுவும் தெரியாது. வாடகைக்குக் கிடைத்தால் அரைநாள் எடுத்து நிஜப் பாதையில் ஓட்டுங்கள். முடியாவிட்டால் குறைந்தது இருபது நிமிடம் கேளுங்கள். டயர் காற்றையும் ஃபோர்க் அழுத்தத்தையும் உங்கள் எடைக்கு வைக்கச் சொல்லுங்கள். ஏறி நிற்கும்போது முன் ஃபோர்க் மொத்த டிராவலில் 15 முதல் 20 சதவீதம் அமுங்கவேண்டும், பின் ஷாக் 25 முதல் 30. ஒரு மேடு தேடி மிக லேசான கியரில் ஏறுங்கள். ஒரு படிக்கட்டு விளிம்பிலோ நடைபாதை ஓரத்திலோ சீட்டைத் தாழ்த்தி, எழுந்து நின்றபடி இறங்குங்கள். கை நீட்டி எட்டிப் பிடிப்பதுபோல் இருந்தால் பெரிய அளவு. முழங்கால் ஹேண்டில்பாரை நெருங்கினால் சிறியது.

வாங்கியபின் முதல் சர்வீஸ் எப்போது?

ஒரு மாதத்துக்குள். புதுக் கியர் கேபிளின் உறை அமர்ந்து கியர் தடுமாறும், ஸ்போக்குகள் தளரும், போல்ட்டுகள் இறுக்கம் குறையும். அநேகக் கடைகளில் இந்த முதல் சரிபார்ப்பு இலவசம். அதன்பின் ஃபோர்க்கின் கீழ்க்கால்களைக் கழற்றி எண்ணெய் மாற்றுவது, பல தயாரிப்பாளர்கள் சொல்வதுபடி 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை. வாரம் இரண்டு மணி நேரம் ஓட்டுபவருக்கு அது ஏறக்குறைய ஆறு மாதம். சேறு அதிகமென்றால் முன்னதாகவே.